பட்டாளம் போன பிறகு கல்லறைக்கு யார் காவல்?

திருவானைக்காவலில் உச்சிக்காலம். அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரி சந்நிதியிலிருந்து ஜம்புகேஸ்வரர் சந்நிதிக்கு மேளதாளத்தோடு வருகிறார். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி கூட்டம் வழி விடுகிறது. ஊர்க்காரர்களுக்குத் தினமும் பார்த்துப் பழகிய காட்சி இது.

இதே மதில்களுக்குள் 1752-ஆம் வருடம் ஒரு பிரெஞ்சுப் படை முகாம் போட்டிருந்தது. இது பலருக்குத் தெரியாது.

கர்நாடக நவாப் பதவிக்கு சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டி போட்ட காலம் அது. சந்தா சாகிபுக்கு பிரெஞ்சுக்காரர்கள் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி துணை. திருச்சி மலைக்கோட்டையில் முகமது அலி இருக்க, சந்தா சாகிபின் ஆட்கள் கோட்டையை வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸும் கிளைவும் உதவிக்கு வந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது. பிரெஞ்சுத் தளபதி ழாக் லா காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கினார். சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள். பிரெஞ்சுப் படை திருவானைக்கா கோயிலுக்குள்.

சிவபெருமான் சித்தராக வந்து, திருநீற்றையே கூலியாகக் கொடுத்துக் கட்டினார் என்று சொல்லும் திருநீற்றான் மதில், அந்தச் சில வாரங்கள் படைக்குக் கோட்டைச் சுவரானது. கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதால் புதுச்சேரியிலிருந்து வர வேண்டிய உதவி நின்றுபோனது. ஜூன் மாதம் லா சரணடைந்தார். சுமார் 800 ஐரோப்பியர்களும் சுமார் 2,000 சிப்பாய்களும் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். தஞ்சாவூர்த் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது.

சரி, செத்தவர்கள் எங்கே போனார்கள்?

தலைவர்களைப் பற்றிச் சொல்ல முடியும். சந்தா சாகிபின் அடக்கத்தலம் திருச்சி நத்தர் வலி தர்காவில் இருக்கிறது. அவரை எதிர்த்த முகமது அலி, 43 வருடம் கழித்து 1795-ல் சென்னையில் இறந்தார். அவருடைய உடலும் பிறகு திருச்சிக்கு வந்து அதே தர்காவில்தான் அடங்கியது. ஒரு நாற்காலிக்காக ஊரையே ரணகளமாக்கிய இருவரும் இப்போது ஒரே கூரையின் பக்கத்தில். எல்லா மதத்துக்காரர்களும் வந்து போகிற இடம் என்பதால் அங்கே விளக்கு அணைவதில்லை.

சிப்பாய்களுக்கு என்ன கிடைத்தது? அந்தக் கேள்வியோடு நம்பர் ஒன் பஸ்ஸில் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பதில் இருக்கிறது.

மெயின்கார்டு கேட்டும் ஒரு பாதிரியாரும்

மெயின்கார்டு கேட் என்று தினமும் சொல்கிறோம். படையின் காவல் நின்ற கோட்டை வாசல் அது. பட்டாளம் போய்விட்டது. பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பாக நிற்கிறது.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தெப்பக்குளம் பக்கம், கிறிஸ்து நாதர் ஆலயம். ஜெர்மனியிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1762-ல் திருச்சிக்கு வந்தார். தமிழ் பேசியே ஊருக்குள் ஊழியம் செய்தவர். கோட்டைப் படைக்கும் அவரே போதகர். வெடிமருந்துக் கிடங்கு வெடித்து ஏராளமானோர் செத்தபோது, அநாதையாக நின்ற பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். 1766-ல் இந்த ஆலயம் எழுந்தது. படையினருக்கும் தமிழ்ச் சபைக்கும் ஒரே ஆலயம்.

அடுத்து, கன்டோன்மென்ட் பகுதியில் உள்ள புனித யோவான் ஆலயம். பிஷப் ஹீபர் காலேஜ் தெரியாத திருச்சிக்காரர் கிடையாது. அந்த ஹீபர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். அவர் இந்த ஆலயத்துக்குள்தான் இருக்கிறார். 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டு வந்தார். வெயில் தாங்காமல் குளிக்க இறங்கியவர், குளியல் தொட்டியிலேயே இறந்து கிடந்தார். வயது 42. அடுத்த நாளே அடக்கம்.

அடுத்த நாளே அடக்கம் என்பதைக் கவனியுங்கள். இந்த வெயிலில் உடலை வைத்திருக்க முடியாது. அதனால்தான் படை எங்கே தங்கினாலும், பாசறைக்கு அடுத்ததாக ஒரு கல்லறைத் தோட்டம் தேவைப்பட்டது. யோவான் ஆலயத்தை ஒட்டியும் அந்தக் காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட கல்லறைத் தோட்டங்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த யாருக்கும் ஒரு விஷயம் உறைக்கும். கிடப்பவர்கள் கிழவர்கள் அல்ல. இருபது, இருபத்தைந்து வயது ஆட்கள். பக்கத்தில் அவர்கள் மனைவிகள், கைக்குழந்தைகள். சண்டையில் செத்தவர்களைவிட காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள்தான் அதிகம்.

படைக்கு மட்டும் என்று ஒரு தோட்டம்

படைக் கல்லறை என்பது ஓர் அரசாங்க ஏற்பாடு. நிலம் அரசாங்கத்துடையது. சுவர் கட்ட, காவல்காரருக்குக் கூலி கொடுக்க, எல்லாம் அரசாங்கப் பணம். படைப் போதகர் ஜெபம் சொல்வார். பெயர், வயது, பட்டாளம், தேதி ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவார்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பட்டாளம் ஓர் ஊரில் நிரந்தரமாக இருக்காது. இன்றைக்கு திருச்சி, நாளைக்கு பெங்களூர், அதற்கடுத்து பர்மா. நண்பனைப் புதைத்துவிட்டு, காசு சேர்த்து ஒரு கல் நட்டுவிட்டு, எல்லோரும் மூட்டை கட்டிவிடுவார்கள். சொந்தக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம். வந்து பார்க்க ஆளே இல்லாத கல்லறைகள், முதல் நாளிலிருந்தே.

ஆளில்லாத கல்லுக்கு என்ன ஆகும் என்பதற்கு சென்னையே சாட்சி. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில், ஆங்கிலேயரின் முதல் கல்லறைத் தோட்டம் இருந்தது. உயரம் உயரமான கோபுரக் கல்லறைகள். 1758-59-ல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்றே சுட்டது. முற்றுகை முடிந்ததும் கோட்டை அதிகாரிகள் முதல் வேலையாகக் கல்லறைகளை இடித்துத் தள்ளினார்கள். கல்வெட்டுப் பலகைகளை மட்டும் கோட்டைக்குள் புனித மேரி ஆலய வளாகத்துக்குக் கொண்டுவந்து தரையில் பதித்தார்கள். பிறகு ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது, அந்தப் பலகைகளில் சிலவற்றைப் பெயர்த்து பீரங்கிக்கு அடியில் போட்டார்கள்.

இன்று மேரி ஆலயத்துக்குப் போனால் காலுக்குக் கீழே பெயர்கள். அந்தப் பெயருக்குரிய உடல்கள் அங்கே இல்லை.

டிக்கன்ஸின் மகன்

ஒரு படைக் கல்லறை, ஊர்க் கல்லறையாக மாறிப் பிழைத்த கதைக்கு கொல்கத்தா போக வேண்டும்.

வில்லியம் கோட்டைப் படைக்கான கல்லறைத் தோட்டம் பவானிப்பூரில் இருந்தது. 1863 டிசம்பர் 31-ஆம் தேதி கொல்கத்தா ராணுவ மருத்துவமனையில் ஓர் இளம் லெப்டினன்ட் இறந்தார். வயது 22. பெயர் வால்டர் லேண்டர் டிக்கன்ஸ். ஆம், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன். 16 வயதில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர். உடல்நிலை சரியில்லாமல் விடுப்பில் ஊர் திரும்பக் காத்திருந்தபோதே உயிர் பிரிந்தது. செய்தி லண்டன் போய்ச் சேர ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. அது கையில் கிடைத்த நாள் 1864 பிப்ரவரி 7. அப்பாவின் பிறந்தநாள்.

வால்டரைப் பவானிப்பூர் படைக் கல்லறையில் புதைத்தார்கள். 1987-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்கள் அவருடைய கல்லறைக் கல்லைப் பாதுகாக்க வேண்டும் என்று, அதைப் புகழ்பெற்ற சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றி வைத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் இப்போது அங்கேதான் நின்று படம் எடுக்கிறார்கள். வால்டர் மட்டும் பவானிப்பூரிலேயே இருக்கிறார்.

சவுத் பார்க் ஸ்ட்ரீட் எப்போதோ மூடப்பட்ட தோட்டம். டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். பவானிப்பூர் அப்படி இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த படைவீரர்கள் 700-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். அதே சுவருக்குள் கொல்கத்தாவின் சாதாரணக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பாட்டி, தாத்தா, அப்பா, அம்மாவும் கிடக்கிறார்கள். இன்றும் அங்கே அடக்கம் நடக்கிறது. பூக்காரர் வருகிறார், மண் வெட்டுகிறவர் வருகிறார், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.

படைத் தோட்டத்துக்குள் ஊர் நுழைவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் வந்தவர்கள், பட்டாளம் போனாலும் போகாமல் தங்கியவர்கள். ஓய்வு பெற்ற சிப்பாய், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர், கணவனை இழந்து ஊர் திரும்பக் காசில்லாத பெண். அடுத்தது அவர்களுடைய பிள்ளைகள். ரயில்வேயிலும் தந்தி ஆபீஸிலும் வேலைக்குச் சேர்ந்த ஆங்கிலோ இந்தியர்கள். திருச்சியில் இந்தக் கட்டத்தைப் புரிந்துகொள்ள பொன்மலையை நினைத்தால் போதும். 1928-ல் அங்கே ரயில்வே பணிமனை வந்ததும், பட்டாள ஊர் ரயில்வே ஊராக மாறியது.

1947-க்குப் பிறகு

கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு 1948 பிப்ரவரி 28-ல் பம்பாயில் கப்பல் ஏறியது. அவர்கள் விட்டுப்போன கல்லறைகளில் எத்தனை பேர்? இந்தியத் துணைக்கண்டத்தில் புதைக்கப்பட்ட ஐரோப்பியர்கள் சுமார் 20 லட்சம் பேர் என்று, இந்தக் கல்லறைகளைக் கவனிப்பதற்காகவே 1976-ல் இங்கிலாந்தில் தொடங்கிய சங்கம் மதிப்பிடுகிறது.

அத்தனைக்கும் யார் செலவு செய்வது? அடக்கம் தொடர்ந்து நடந்த தோட்டங்கள் உள்ளூர்த் திருச்சபைகளின் கைக்கு வந்தன. தென்னாட்டில் அதற்குச் சில மாதம் முன்புதான், 1947 செப்டம்பர் 27-ல், தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ. பிறந்திருந்தது. மூடிக் கிடந்த தோட்டங்களைப் பெரும்பாலும் இயற்கையின் கையில் விட்டார்கள். அரசமரக் கன்று கல்லைப் பிளந்தது. சுவர்க் கல் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்துக்குப் போனது.

இலங்கையில் கண்டி தலதா மாளிகைக்குப் பக்கத்தில் ஒரு படைக் கல்லறைத் தோட்டம் உண்டு. 195 கல்லறைகள். மலேரியா, காலரா, வெயில், ஒருவருக்கு யானை என்று சாவுகள் பலவிதம். ஊருக்குள் புதைக்கக் கூடாது என்று 1870-களில் அதை மூடினார்கள். காடு மூடியது. நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1990-களில்தான் அதைத் துப்புரவு செய்து மீட்டார்கள். பவானிப்பூருக்கு அந்த அவசியமே வரவில்லை. பிழைப்பும் அழிவும் கல்லின் தரத்தில் இல்லை. பின்னாலும் ஊரார் வந்து போனார்களா என்பதில் இருக்கிறது.

போர்க் கல்லறைகளுக்கு இன்னொரு வழியும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளிலும் கன்டோன்மென்ட் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்தன. அவற்றைக் கடைசிவரை பராமரிக்க உத்தரவாதம் இல்லை என்று, தோண்டி எடுத்து சென்னை நந்தம்பாக்கத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். மெட்ராஸ் போர்க் கல்லறை என்று பெயர். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். புல்வெளி வெட்டி, வரிசை பிசகாமல் இருக்கும்.

அதன் பின்பக்கத்தில் ஒரு நினைவுச் சுவர். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் பல கன்டோன்மென்ட் ஊர்களில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்கள் உடலை யாரும் எடுத்து வரவில்லை. புதைத்த ஊரிலேயே, ஊராரோடு ஊராராகக் கிடக்கிறார்கள். பெயர் சென்னையில், உடல் வேறெங்கோ. வால்டர் டிக்கன்ஸின் கதைதான், ஆயிரம் மடங்கு.

கல்லே கிடைக்காதவர்கள்

இந்தக் கதை முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாயைப் பற்றியே இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. திருவானைக்காவலில் ஆயுதத்தைக் கீழே வைத்த 2,000 சிப்பாய்களும், எதிர்ப்பக்கம் நின்ற சிப்பாய்களும் இந்த மண்ணின் ஆட்கள். அவர்களில் ஒருவருடைய பெயர்கூடப் பொதுநினைவில் இல்லை.

நூற்றைம்பது வருடம் தாண்டியும் இது பெரிதாக மாறவில்லை. முதல் உலகப் போரில் இன்றைய ஈராக்கில் இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் நினைவகம் கட்டினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் செதுக்கினார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர் செதுக்கினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த வீரர்கள், கூலிகள் என குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை, அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது.

தாத்தாவின் அப்பா பட்டாளத்தில் போனார், திரும்பவில்லை என்று வீட்டில் பேச்சு உண்டா? ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்த இந்தியர்களின் பெயரைப் போட்டுத் தேடலாம். இலவசம். பெயரின் ஆங்கில எழுத்தை நாலைந்து விதமாக மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். படைப்பிரிவின் பெயர் தெரிந்தால் தேடுவது சுலபம்.

ஆறடி நிலமும் பழைய கல்லும்

பழைய படைக் கல்லறை ஊர்க் கல்லறையாவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நகரத்தில் புதைக்க இடம் இல்லை. ஒரே குடும்பத்தில் அடுத்த சாவு வந்தால், இருக்கிற கல்லறையையே திறந்து வைக்க வேண்டிய நிலை. அப்படி இருக்க, யாரும் வராத 200 வருடக் கல்லறை ஒன்று நடுவே இடம் பிடித்து நிற்கிறது. வரலாற்று ஆர்வலர் அதில் கை வைக்காதே என்கிறார். அம்மாவைப் புதைக்க இடம் தேடி நிற்கும் மகன், உயிரோடு இருப்பவனுக்குத்தான் கஷ்டம் என்கிறார். இரண்டு பேரும் தப்பாகச் சொல்லவில்லை.

சென்னையில் பழைய யேல் குடும்பக் கல்லறைக் கோபுரத்தை இடம் மாற்றுவது பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லா ஊரிலும் நீதிமன்றம் வந்து தீர்க்காது. கல்லில் இருப்பதைப் படம் எடுத்து, எழுத்துக்கு எழுத்து குறித்துவைக்கலாம். சபையின் பழைய பதிவேட்டைக் கரையானுக்கு விடாமல் ஸ்கேன் செய்யலாம். கல்லைப் பெயர்த்தே ஆக வேண்டும் என்றால் சுவரோரம் நிறுத்திவைக்கலாம். 1905-லேயே ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி, சென்னை மாகாணத்துக் கல்லறைக் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தொகுத்துப் புத்தகமாக்கினார். அதற்குப் பிறகு காணாமல் போன கற்களின் வாசகம் அந்தப் புத்தகத்தில்தான் பிழைத்திருக்கிறது. அவர் கையில் கேமரா போன் கிடையாது. நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். திருச்சியில் கல்லறைத் தோட்டங்களின் வாசலில் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் விற்பார்கள். குடும்பம் குடும்பமாக வந்து புல் பிடுங்கி, கல்லைக் கழுவி, பூ வைத்து ஜெபிப்பார்கள். தங்கள் வீட்டுக் கல்லறைக்கு ஏற்றியது போக ஒரு மெழுகுவத்தி மீந்தால், ஆளில்லாத பக்கத்துக் கல்லறையில் ஏற்றிவிட்டு நகர்கிறவர்கள் உண்டு. கீழே கிடப்பவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை.

அடுத்த முறை ஏற்றும்போது, அந்தக் கல்லில் இருக்கும் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். அதைப் படித்து எத்தனை வருடம் ஆயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?